3-9, ஆனால் +63: நெப்ராஸ்கா 2021 சீசனில் புள்ளிகள் ஒழுகிய இடங்கள்

2021 சீசனில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி 12 ஆட்டம் ஆடியது. எடுத்த புள்ளி 335, விட்டுக்கொடுத்தது 272. கணக்குப்படி 63 புள்ளி லாபம். கையில் வந்ததோ 3 வெற்றி, 9 தோல்வி. நெப்ராஸ்கா ஆடும் பிக் டென் கூட்டமைப்பின் ஆட்டங்களை மட்டும் தனியே கூட்டினால் இன்னும் விசித்திரம்: எடுத்தது 239, கொடுத்ததும் 239. ஒரு புள்ளிகூட ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்த ஒன்பது ஆட்டத்தில் வென்றது ஒன்றே ஒன்று.

இப்படிப்பட்ட சீசனுக்கு வழக்கமாக இரண்டு விளக்கம் சொல்வார்கள். ஒன்று, துரதிர்ஷ்டம். மற்றது, கடைசி நேரத்தில் நெஞ்சுரம் இல்லை. முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது டீக்கடைப் பேச்சு. ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் புள்ளிகள் ஒழுகிய இடங்கள் தெளிவாகவே தெரிகின்றன. அவற்றில் பெரும்பாலானவை எதிரணியின் தாக்குதல் வரிசை களத்திலேயே இல்லாதபோது நடந்தவை.

முடிவுகள்

ஆகஸ்ட் 28, இல்லினாயிடம் 22-30 தோல்வி
செப்டம்பர் 4, ஃபோர்டமுக்கு எதிராக 52-7 வெற்றி
செப்டம்பர் 11, பஃபலோவுக்கு எதிராக 28-3 வெற்றி
செப்டம்பர் 18, ஓக்லஹோமாவிடம் 16-23 தோல்வி
செப்டம்பர் 25, மிச்சிகன் ஸ்டேட்டிடம் 20-23 தோல்வி, கூடுதல் நேரத்தில்
அக்டோபர் 2, நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 56-7 வெற்றி
அக்டோபர் 9, மிச்சிகனிடம் 29-32 தோல்வி
அக்டோபர் 16, மினசோட்டாவிடம் 23-30 தோல்வி
அக்டோபர் 30, பர்டூவிடம் 23-28 தோல்வி
நவம்பர் 6, ஒஹாயோ ஸ்டேட்டிடம் 17-26 தோல்வி
நவம்பர் 20, விஸ்கான்சினிடம் 28-35 தோல்வி
நவம்பர் 26, அயோவாவிடம் 21-28 தோல்வி

ஒன்பது தோல்வியின் வித்தியாசங்களைக் கூட்டினால் 56. மிகப் பெரிய தோல்வியே 9 புள்ளிதான், அதுவும் ஒஹாயோ ஸ்டேட்டிடம். மற்ற எட்டும் 8 புள்ளிக்குள். இந்த விளையாட்டில் 8 என்பது முக்கியமான எல்லை. பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டும் ஒரு டச்டவுனுக்கு 6, அதன்பின் வரும் இரண்டு புள்ளி முயற்சிக்கு 2. ஆக, 8 புள்ளிக்குள் பின்தங்கியிருக்கும் அணி ஒரே தடவை பந்து கிடைத்தால் சமன் செய்துவிடலாம். அப்படிப்பட்ட ஆட்டங்களில் நெப்ராஸ்கா அந்த ஆண்டு 0-8.

துரதிர்ஷ்டக் கணக்கு எவ்வளவு தூரம் செல்லும்?

எடுத்த புள்ளியையும் கொடுத்த புள்ளியையும் வைத்து எதிர்பார்க்கும் வெற்றியைக் கணிக்க ஒரு சூத்திரம் உண்டு. இரண்டு எண்ணையும் 2.37 அடுக்குக்கு உயர்த்தி, எடுத்ததன் பங்கைப் பார்ப்பது. 335-க்கும் 272-க்கும் போட்டால் 62 சதவீதம் வருகிறது, அதாவது 12 ஆட்டத்தில் ஏழரை வெற்றி. இந்த ஒரு எண்ணைக் காட்டித்தான் "நாட்டிலேயே சிறந்த 3-9 அணி" என்று பேசினார்கள்.

ஆனால் அந்த 63-ல் கலப்படம் இருக்கிறது. ஃபோர்டம் கீழ்நிலைப் பிரிவில் ஆடும் அணி. அந்த ஒரு ஆட்டமே 45 புள்ளி லாபம் தந்தது. அதைக் கழித்துவிட்டால் 11 ஆட்டத்தில் 283-265, வெறும் 18 புள்ளி லாபம். அதே சூத்திரம் இப்போது ஏறக்குறைய ஆறு வெற்றி என்கிறது. ஃபோர்டமைச் சேர்த்தால் ஏழு. நேர்மையான மதிப்பீடு இதுதான்: ஆறு வெற்றி தேவைப்படும் பவுல் ஆட்டத்துக்கு (சீசன் முடிந்தபின் நடக்கும் கூடுதல் ஆட்டம்) தட்டுத்தடுமாறியாவது போயிருக்க வேண்டிய அணி. பெரிய அணி என்று சொல்லிவிட முடியாது. 3-9 அணியும் இல்லை.

நெருக்கமான ஆட்டம் ஒவ்வொன்றையும் நாணயம் சுண்டுவதாக எடுத்துக்கொண்டால் எட்டிலும் தோற்க வாய்ப்பு 256-ல் ஒன்று. நாடு முழுக்க 130 அணிகள் ஆடும்போது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை யாராவது ஒருவருக்கு இப்படி விழத்தான் செய்யும். இதோடு நின்றிருந்தால் துரதிர்ஷ்டம் என்றே எழுதி மூடியிருக்கலாம். தலைமைப் பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட் 2018-ல் வந்ததிலிருந்து 2022-ல் போகும்வரை எடுத்தால் இப்படி 8 புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களில் நெப்ராஸ்காவின் கணக்கு 5-22. நாணயம் 27 தடவை சுண்டி ஐந்து அல்லது அதற்குக் குறைவாகத் தலை விழ வாய்ப்பு சுமார் 1,300-ல் ஒன்று. இந்த இடத்தில் நாணயத்தை விட்டுவிட்டு, சுண்டிய கையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது அணி

இந்த விளையாட்டை அதிகம் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். தாக்கும் அணிக்கு நான்கு முயற்சி. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு. மூன்று முயற்சியில் முடியவில்லை என்றால் நான்காவதில் பெரும்பாலும் பந்தை எதிரணிப் பக்கம் ஓங்கி உதைத்துவிடுவார்கள். அதுதான் பன்ட். கம்பத்துக்கு அருகில் வந்துவிட்டால் ஃபீல்டு கோல், அதற்கு 3 புள்ளி. டச்டவுனுக்குப் பின் வரும் கூடுதல் உதைக்கு 1. இந்த உதைப் பிளேக்களுக்கு இறங்கும் ஆட்டக்காரர்கள் வேறு. அவர்களைத்தான் ஸ்பெஷல் டீம்ஸ் என்பார்கள். பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்களும் முதலாண்டு மாணவர்களும். ஒரு ஆட்டத்தில் இப்படிப்பட்ட பிளேக்கள் சுமார் 25 முதல் 30 வரை வரும். கிரிக்கெட்டில் ஃபீல்டிங் மாதிரி: நன்றாகச் செய்தால் யாரும் பேச மாட்டார்கள்.

இன்னொரு சொல்: சேஃப்டி. சொந்தக் கோல் கோட்டுக்குப் பின்னாலுள்ள எண்ட் ஸோனுக்குள்ளேயே பந்தோடு மாட்டிக்கொண்டால் எதிரணிக்கு 2 புள்ளி. அதோடு போகாது. புள்ளியைக் கொடுத்தவர்களே பந்தை உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்க வேண்டும். இரட்டைத் தண்டனை.

இப்போது ஒன்பது தோல்விகளில் எதிரணியின் தாக்குதல் வரிசை களத்தில் இல்லாமலே எதிரணிக்கு வந்த புள்ளிகளைப் பொறுக்கி எடுப்போம். இல்லினாய்க்கு ஒரு சேஃப்டி, தவறவிட்ட பந்தை எடுத்து ஓடிய ஒரு டச்டவுன்: 9. ஓக்லஹோமாவுக்குத் தடுத்துத் திருப்பிய கூடுதல் உதையில் 2. மிச்சிகன் ஸ்டேட்டுக்கு பன்ட்டைப் பிடித்துத் திருப்பி ஓடியதில் 7. மினசோட்டாவுக்கு ஒரு சேஃப்டி, 2. பர்டூவுக்கு இன்டர்செப்ஷன் (வீசிய பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது) டச்டவுன், 7. விஸ்கான்சினுக்கு ஆட்டத்தைத் தொடங்கும் உதையான கிக்-ஆஃபைத் திருப்பி ஓடியதிலேயே 7. அயோவாவுக்குத் தடுக்கப்பட்ட பன்ட்டில் 7, சேஃப்டியில் 2. கூட்டினால் 43. மொத்தத் தோல்வி வித்தியாசமே 56 என்பதை நினைவில் வையுங்கள்.

ஆட்டவாரியாகப் பார்த்தால் இன்னும் உறைக்கும். இல்லினாய், மிச்சிகன் ஸ்டேட், பர்டூ, விஸ்கான்சின், அயோவா ஆகிய ஐந்திலும் இப்படி வந்த புள்ளி தோல்வி வித்தியாசத்துக்குச் சமம் அல்லது அதைவிட அதிகம். தவறிய உதைகளை இதில் இன்னும் சேர்க்கவேயில்லை.

ஷாம்பெய்ன், முதல் நாள்

இல்லினாய் ஆட்டம் அயர்லாந்தின் டப்ளினில் நடக்க வேண்டியது. கோவிட் காரணமாக இல்லினாயின் ஊரான ஷாம்பெய்னுக்கு மாறியது. சீசனின் எல்லா நோயும் இந்த முதல் ஆட்டத்திலேயே எட்டிப் பார்த்தது.

எதிரணி உதைத்த பன்ட் நெப்ராஸ்காவின் கோல் கோட்டை ஒட்டி இறங்கியது. பன்ட் பிடிப்பவருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே சொல்லித்தரும் பாடம்: குதிகாலை 10 யார்டு கோட்டில் வை, பந்து உன் தலைக்கு மேல் போனால் பின்னால் ஓடாதே, விட்டுவிடு. விட்டால் அது பெரும்பாலும் எண்ட் ஸோனுக்குள் உருண்டுவிடும். 20 யார்டு கோட்டிலிருந்து நிம்மதியாகத் தொடங்கலாம். இங்கே பிடிப்பவர் பின்னால் போய்ப் பிடித்தார். எண்ட் ஸோனுக்குள் தள்ளப்பட்டதும் பந்தைத் தூக்கி எறிந்து தப்பிக்கப் பார்த்தார். சேஃப்டி. சீசனின் முதல் புள்ளிகள் எதிரணிக்குப் போயின.

பிறகு நெப்ராஸ்கா 9-2 என முன்னிலை பெற்றது. தடுப்பு வரிசை ஒரு இன்டர்செப்ஷனும் எடுத்தது. ஆனால் பந்து வீசியவரை விதிமீறித் தாக்கிய குற்றத்துக்காக அது ரத்தானது. பந்து இல்லினாயிடமே இருந்தது, டச்டவுன் ஆனது, 9-9. இடைவேளைக்குச் சற்று முன் பந்து வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஏட்ரியன் மார்ட்டினெஸ் கையிலிருந்து பந்து நழுவ, எதிரணி அதை எடுத்து 41 யார்டு ஓடியது. 9-2 ஆக இருந்தது 9-16. அந்த ஆட்டத்தில் நெப்ராஸ்காவின் கூடுதல் உதைகளில் இரண்டு தவறின. மூன்றாம் பகுதியில் 9-30 வரை போய்விட்டது. மார்ட்டினெஸ் 75 யார்டு ஓடி எடுத்த டச்டவுன் அந்த ஆட்டத்தின் மிக நல்ல பிளே. அதனால் பலன் இல்லை.

ஓக்லஹோமாவில் கதை சிறியது, கணக்கு பெரியது. 1971-ல் இதே இரு அணிகளும் ஆடிய, "நூற்றாண்டின் ஆட்டம்" என்று பெயர் வாங்கிய போட்டியின் 50-ம் ஆண்டு. எதிரணி நாட்டின் 3-ம் தரவரிசை. நெப்ராஸ்கா இரண்டு ஃபீல்டு கோலைத் தவறவிட்டது: 6 புள்ளி. ஒரு கூடுதல் உதை தடுக்கப்பட்டது: 1 போயிற்று. தடுத்த பந்தை எடுத்துக்கொண்டு மறுமுனைக்கு ஓடி ஓக்லஹோமா 2 சேர்த்துக்கொண்டது. ஆகமொத்தம் 9. தோல்வி வித்தியாசம் 7.

ஈஸ்ட் லான்சிங்: ஒரு பன்ட்

மிச்சிகன் ஸ்டேட்டின் ஊரான ஈஸ்ட் லான்சிங்கில் நடந்த செப்டம்பர் 25 ஆட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தச் சீசனை ஒரே பிளேயில் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டலாம்.

இரண்டாம் பாதி முழுக்க மிச்சிகன் ஸ்டேட் தாக்குதல் வரிசையை நெப்ராஸ்காவின் தடுப்பு அசையவே விடவில்லை. அந்தப் பாதியில் அவர்கள் முன்னேறியது 14 யார்டு. ஒரு முதல் டவுன்கூட (10 யார்டு முன்னேறி மறுபடி நான்கு முயற்சி பெறுவது) கிடைக்கவில்லை. நெப்ராஸ்கா 20-13 முன்னிலை. நான்கு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட நேரம் மிச்சம். செய்ய வேண்டியது ஒன்றுதான்: பன்ட் உதைத்து, அசைய முடியாத அந்தத் தாக்குதல் வரிசையிடம் பந்தைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பது.

திசை பன்ட் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். மைதானத்தின் அகலம் 53 யார்டும் கொஞ்சமும். பன்ட்டர் பந்து போடும் இடத்துக்குப் பின்னால் 14, 15 யார்டில் நிற்பார். பந்து அவர் கைக்கு வந்து காலில் படுவதற்குள் இரண்டு விநாடிக்குச் சற்று மேல். காற்றில் பந்து நாலு, நாலரை விநாடி நிற்கும். அகலம் முழுவதையும் பத்து பேர் காக்க முடியாது. அதனால் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பக்கக் கோட்டுக்கும் எண்கள் எழுதிய வரிசைக்கும் இடையில் உதைப்பார்கள். பத்து பேரும் அந்தப் பக்கமாகச் சாய்ந்து ஓடி, பிடிப்பவரைக் கோட்டோடு ஒட்டி அடைத்துவிடுவார்கள். பக்கக் கோடு பதினோராவது தடுப்பாளர் மாதிரி.

ஆக, உதைப்பவரும் ஓடுபவர்களும் ஒரே பக்கம் போனால்தான் இந்தத் திட்டம் நிற்கும். வலப்பக்கம் என்று முடிவாகி இருந்தது. ஓடியவர்கள் வலப்பக்கம் ஓடினார்கள். பந்து இடப்பக்கம் போனது. ஆட்டத்துக்குப் பின் ஃப்ராஸ்ட் இதை வெளிப்படையாகவே சொன்னார். பந்து காற்றில் நிற்கும் நேரத்துக்குள் ஒரு நல்ல ஓட்டக்காரர் முப்பத்தைந்து யார்டு ஓடிவிடலாம். ஆனால் அவர்கள் ஏற்கெனவே எதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஜேடன் ரீட் ஆளில்லாத பக்கத்தில் பந்தைப் பிடித்து 62 யார்டு ஓடினார். 3 நிமிடம் 47 விநாடி மிச்சம் இருக்கும்போது 20-20.

நேராக நடுவில் உதைத்து 35 யார்டோடு முடித்திருந்தால்கூட வெற்றி வாய்ப்பு பிரகாசமாகவே இருந்திருக்கும். 14 யார்டு தாண்டாத எதிரணிக்கு எதிராக, அதுவும் 7 புள்ளி முன்னிலையில், திசை பன்ட் போன்ற நுணுக்கமான வேலையே தேவைப்படவில்லை என்பது என் கருத்து. பாதுகாப்பான தேர்வு இருக்கும்போது சிக்கலான தேர்வை எடுப்பது இந்த அணிக்குப் பழக்கமாகிப்போனது. அதை மறு ஆண்டு டப்ளினில் இன்னும் பெரிதாகப் பார்ப்போம்.

கூடுதல் நேரத்தில் இரு அணிக்கும் 25 யார்டு கோட்டிலிருந்து ஆளுக்கொரு வாய்ப்பு. முதலில் ஆடிய நெப்ராஸ்கா இன்டர்செப்ஷன் கொடுத்தது. அதன்பின் எதிரணிக்கு ஒரு ஃபீல்டு கோல் போதும்.

லிங்கன், அக்டோபர் 9

நெப்ராஸ்காவின் சொந்த ஊரான லிங்கனில் நடந்த மிச்சிகன் ஆட்டத்தில் இடைவேளையின்போது 0-13. அங்கிருந்து எழுந்து நான்காம் பகுதியில் 29-26 முன்னிலை. பிறகு 29-29. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம், மூன்றாவது முயற்சி, தேவை ஒரு யார்டு. மார்ட்டினெஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தார். ஒரு யார்டு கிடைத்துவிட்டது. ஆனால் கீழே விழவில்லை. தடுப்பாளர்கள் அவரை நிற்க வைத்தபடியே பிடித்துக்கொண்டார்கள். நிற்க வைத்துப் பிடிப்பது முதல் ஆளின் வேலை. பந்தைப் பிடுங்குவது இரண்டாம் ஆளின் வேலை. பிராட் ஹாக்கின்ஸ் பிடுங்கிக்கொண்டு 18 யார்டு கோடு வரை வந்துவிட்டார். ஒரு நிமிடம் 24 விநாடி மிச்சம் இருக்கும்போது ஜேக் மூடி 39 யார்டிலிருந்து உதைத்தார். 32-29.

நடுவர் விசில் முன்னமே ஊதியிருக்க வேண்டும் என்று லிங்கனில் இன்றும் வாதிடுவார்கள். இருக்கலாம். ஆனாலும் கூட்டத்துக்குள் போகும்போது இரண்டு கையாலும் பந்தை மூடுவது, நின்றபடி சிக்கினால் முட்டியைத் தரையில் போடுவது என்பதெல்லாம் அடிப்படைப் பழக்கம். தேவையான யார்டு கிடைத்த பிறகு ஒவ்வொரு கூடுதல் அங்குலமும் வெறும் ஆபத்து.

மார்ட்டினெஸ் மீது பழியைப் போடுவது எளிது. பர்டூ ஆட்டத்தில் நான்கு இன்டர்செப்ஷன், அதில் ஒன்று நேரே டச்டவுன். ஆனால் அவர் மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்திலேயே தாடை எலும்பு முறிந்து, அதோடுதான் அடுத்த வாரங்களை ஆடினார். அணியின் ஓட்டத் தாக்குதலில் பெரும் பங்கு, வீச்சு முழுவதும், கடைசி நிமிடப் பொறுப்பு எல்லாமே ஒரே ஆள் தலையில். அந்த ஆண்டு அவர் 13 டச்டவுன் ஓடி எடுத்தவர். பிறகு கான்சாஸ் ஸ்டேட்டுக்கு மாறினார். அங்கே 2022-ல் காயத்தால் சில ஆட்டங்களை இழந்தாலும், வீசியதில் ஒரே ஒரு இன்டர்செப்ஷன்தான் கொடுத்தார். அந்த அணி தன் கூட்டமைப்பான பிக் 12-ன் பட்டம் வென்றது. ஆள் அதே ஆள்தான், சுமை குறைந்தது.

மினசோட்டா முதல் அயோவா வரை

மினசோட்டாவில் எதிரணி கோல் கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில் நான்காவது முயற்சி தோற்றது. பிறகு சொந்த எண்ட் ஸோனில் நின்று பந்தை வேண்டுமென்றே ஆளில்லாத இடத்தில் எறிந்ததாக விதிக்கப்பட்ட குற்றத்தால் ஒரு சேஃப்டி. ஒஹாயோ ஸ்டேட் ஆட்டம் மட்டும் வேறு வகை. அங்கே எதிரணி உண்மையிலேயே மேலான அணி. ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பா 15 கேட்ச், 240 யார்டு. ஆனால் அதிலும் ஒரு வேறுபாடு கண்ணில் படும்: இரு அணியும் ஆளுக்கு இரண்டு டச்டவுன். எதிரணி உதைப்பவர் நான்கு ஃபீல்டு கோல் போட்டார், நெப்ராஸ்காவுக்கு ஒன்று.

உதைப்பவர் விஷயம் பரிதாபமானது. அதே ஆட்டக்காரர் 2020-ல் 15-க்கு 13 போட்டு பிக் டென்னின் சிறந்த உதைப்பவர் விருது வாங்கியவர். 2021-ல் கூடுதல் உதையே தடுமாறி, சீசன் நடுவில் இடத்தை இழந்தார். உதை என்பது மூன்று பேர் வேலை: பந்தைப் பின்னால் அனுப்புபவர், 7 யார்டு பின்னால் மண்டியிட்டுப் பிடித்து நிறுத்துபவர், உதைப்பவர். எல்லாம் 1.3 விநாடிக்குள் முடிய வேண்டும். ஒருவர் கொஞ்சம் பிசகினாலும் மூன்றாமவரின் நம்பிக்கை உடையும். நம்பிக்கை உடைந்ததும் தலைமைப் பயிற்சியாளர் ஃபீல்டு கோல் எல்லையில் நின்றுகொண்டே நான்காவது முயற்சியை ஆடத் தொடங்குவார். ஓட்டை இப்படித்தான் பக்கத்துத் துறைக்கும் பரவுகிறது.

விஸ்கான்சினில் ஆட்டம் தொடங்கிய முதல் உதையிலேயே 91 யார்டு திருப்பல். அயோவா ஆட்டம் சீசனின் கடைசி, லிங்கனில். மார்ட்டினெஸ் தோள் காயத்தால் இல்லை. லோகன் ஸ்மதர்ஸ் ஆடினார். மூன்றாம் பகுதியில் 21-6 முன்னிலை. அயோவா ஒரு ஃபீல்டு கோல் போட்டது, 21-9. பிறகு நெப்ராஸ்கா உதைத்த பன்ட் தடுக்கப்பட்டு நேரே டச்டவுன், 21-16. பிறகு எண்ட் ஸோனிலிருந்து எறிந்த குற்றத்துக்கு மறுபடி சேஃப்டி, 21-18. விதிப்படி பந்தும் அயோவாவுக்கே. ஃபீல்டு கோல், 21-21. கடைசியில் டச்டவுன். அயோவாவின் தாக்குதல் வரிசை உண்மையில் ஒரே ஒரு டச்டவுன்தான் எடுத்தது. 15 புள்ளி முன்னிலை அப்படியே கரைந்தது.

நவம்பர் 8: மருந்து கொடுத்த இடம்

விளையாட்டுத் துறை இயக்குநராக ட்ரெவ் ஆல்பர்ட்ஸ் அந்த ஜூலையில்தான் வந்திருந்தார். ஒஹாயோ ஸ்டேட் ஆட்டம் முடிந்த இரண்டாம் நாள், ஃப்ராஸ்ட் தொடர்வார் என அறிவித்தார். சம்பளம் ஆண்டுக்கு 50 லட்சம் டாலரிலிருந்து 40 லட்சமாகக் குறைந்தது. 2022 அக்டோபர் 1-க்குப் பிறகு நீக்கினால் கொடுக்க வேண்டிய தொகை 1.5 கோடி டாலரிலிருந்து 75 லட்சமாகப் பாதியாகும். அதே நாளில் நான்கு துணைப் பயிற்சியாளர்கள் வெளியே: தாக்குதல் ஒருங்கிணைப்பாளர், தாக்குதல் லைன், குவார்ட்டர்பேக், ரன்னிங் பேக் பயிற்சியாளர்கள். நால்வரும் தாக்குதல் பக்கம்.

மேலே போட்ட கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தாக்குதல் வரிசை ஆட்டத்துக்குச் சராசரி 28 புள்ளி எடுத்துக்கொண்டிருந்தது. பந்தை எதிரணியிடம் பறிகொடுக்கும் டர்ன்ஓவர்கள் அந்தப் பக்கத்துக் குறை, மறுக்க முடியாது. ஆனால் பன்ட், கிக்-ஆஃப், கூடுதல் உதை ஆகியவை அதைவிடப் பழைய புண். 2020-ல் இந்தப் பகுதியைக் கவனித்தவர் ஆய்வாளர் என்ற பதவியில் இருந்தவர். அன்றைய விதிப்படி ஆய்வாளர் களத்தில் இறங்கிப் பயிற்சி கொடுக்க முடியாது. 2021-ல் தடுப்பு வரிசையிலுள்ள வெளிப்பக்க லைன்பேக்கர்களின் பயிற்சியாளர் இதையும் சேர்த்துப் பார்த்தார். பத்துத் துணைப் பயிற்சியாளர் இடத்தில் இதற்கென்றே ஒருவரை வைக்கவில்லை. டிசம்பரில்தான் பில் புஷ் முழுநேர ஸ்பெஷல் டீம்ஸ் ஒருங்கிணைப்பாளராக நியமிக்கப்பட்டார். அதற்குள் 3-9 எழுதியாகிவிட்டது.

தனி ஆள் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. இந்த வேலையை இரண்டு மூன்று பேருக்குப் பகிர்ந்துகொடுத்து நன்றாக ஆடும் அணிகள் உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு அதே ஓட்டை தெரியும்போது, திங்கள்கிழமை காலை வீடியோ அறையில் "இது யாருடைய பொறுப்பு" என்ற கேள்விக்கு ஒரே பெயர் பதிலாக வர வேண்டும்.

2022: நாணயம் திரும்பவில்லை

துரதிர்ஷ்டக் கட்சி சரியாக இருந்தால் 2022-ல் ஏழு எட்டு வெற்றி வந்திருக்க வேண்டும். சீசனுக்கு முன் அப்படித்தான் பலரும் கணித்தார்கள்.

ஆகஸ்ட் 27, டப்ளின். எதிரணி, முந்தைய ஆண்டு 56-7 என நொறுக்கிய அதே நார்த்வெஸ்டர்ன். மூன்றாம் பகுதியில் நெப்ராஸ்கா 28-17 முன்னிலை. அந்த நேரத்தில் ஃப்ராஸ்ட் ஆன்சைட் கிக் கேட்டார். அதாவது பந்தை நெடுந்தூரம் உதைக்காமல், பத்து யார்டு மட்டும் உருட்டி, தாங்களே கைப்பற்றப் பார்ப்பது. பின்தங்கிய அணி நேரமில்லாமல் கடைசியில் எடுக்கும் ஆயுதம். 11 புள்ளி முன்னிலையில் இருப்பவர் கேட்டார். பந்து நார்த்வெஸ்டர்னிடம் போனது, நல்ல களநிலையும் சேர்ந்து. முடிவு 28-31. ஈஸ்ட் லான்சிங் பன்ட்டைப் போலவே, தேவையில்லாத இடத்தில் தந்திரம்.

செப்டம்பர் 10 அன்று ஜார்ஜியா சதர்னிடம் சொந்த மைதானத்தில் 42-45. மறுநாள் ஃப்ராஸ்ட் நீக்கப்பட்டார். தொகை பாதியாகும் அக்டோபர் 1-க்கு இன்னும் இருபது நாள் இருந்தது. பல்கலைக்கழகம் காத்திருக்காமல் முழுத் தொகையையும் ஏற்றுக்கொண்டது. ஃப்ராஸ்ட் 1997-ல் இதே அணியின் குவார்ட்டர்பேக்காகத் தேசியப் பட்டம் பகிர்ந்தவர், 2017-ல் பயிற்சியாளராக யூசிஎஃப் (சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம்) அணியை 13-0 ஆக்கியவர். நெப்ராஸ்காவில் அவர் கணக்கு 16-31.

இடைக்காலப் பொறுப்பேற்ற மிக்கி ஜோசஃபின் கீழ் மிச்ச ஆட்டங்களில் 3-6. அதில் கடைசி, நவம்பர் 25 அன்று அயோவாவின் சொந்த மைதானத்தில். நெப்ராஸ்கா 24-0 வரை போனது. அயோவா மறுபடி துரத்திக்கொண்டு 17 வரை வந்தது. இந்தத் தடவை பன்ட் எதுவும் டச்டவுன் ஆகவில்லை, சேஃப்டியும் இல்லை. 24-17. 2014-க்குப் பிறகு அயோவாவுக்கு எதிரான முதல் வெற்றி, வித்தியாசம் 7.